கப்பலில் தோபி உண்டு

நுரையீரலுக்கு உறை உண்டு என்பது எனக்கு இந்த வயது வரை தெரியாது. பாறசாலைப் பக்கத்துத் தமிழ் மீடியம் பள்ளியில் ஓய்வு பெறும் வரை பிள்ளைகளுக்கு உடம்பின் பாகங்களைப் படம் போட்டுக் காட்டியவள் நான். அந்தப் படத்தில் உறை கிடையாது. தலையணைக்கு இரட்டை உறை போட்ட மாதிரி நுரையீரலைச் சுற்றி மெல்லியதாக இரண்டு அடுக்கு இருக்கிறது, நடுவே ஒரு ஸ்பூன் அளவுக்கு ஈரம் இருக்கிறது, அந்த இடத்தில் லிட்டர் கணக்கில் நீர் கட்டினால் மனிதன் படுக்க முடியாமல் உட்கார்ந்தே மூச்சு வாங்குவான் என்பதையெல்லாம் என் கணவர் தாணப்பன் எனக்குக் கற்றுக் கொடுத்தார். வாயால் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர் வாய் என்னிடம் மூடிக்கொண்டது இந்தக் கதையின் நடுவில் வரும்.

இப்போது பக்கத்து அறையில் தூங்குகிறார். இருமல் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. அது மறுபடி தொடங்குவதற்குள் எழுதிவிடப் பார்க்கிறேன். பழைய கப்பல்களில் வேலை பார்த்த கணவன் உள்ளவர்கள் யாராவது படித்தால் பிரயோஜனப்படும்.

அவர் கடற்படையில் இருந்தவர். மீசை அரும்பிய வயதில் சேர்ந்து, காதோரம் நரைக்கத் தொடங்கியதும் திரும்பி வந்தார். எங்களுக்குக் கல்யாணம் பேசியபோது என் அப்பா தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. வயலும் தோப்பும் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போன பிறகும் எங்கள் குடும்பத்துக்கு மிடுக்கு மட்டும் போகவில்லை. கையில் அழுக்குப் படுகிற வேலைக்காரனுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள். பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளைக்குக் கப்பலில் என்ன ஜோலி என்று அப்பா கேட்டார். மாப்பிள்ளையின் மாமா முந்திக்கொண்டு வயர்லெஸ் என்று சொல்லிவிட்டார். தலையில் ஹெட்போன், கையில் பென்சில், மடிப்புக் கலையாத வெள்ளை உடுப்பு. அப்பாவுக்கு அது போதும்.

அன்றிலிருந்து ஊருக்கு அவர் வயர்லெஸ்காரர். லீவில் வந்தால் சொந்தக்காரர்கள் பழுதான ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். இவர் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்து, வால்வு போயிருக்கு என்பார். டிரான்சிஸ்டரில் வால்வு எங்கே இருக்கிறது என்று கேட்க அங்கே ஆள் இல்லை. மறுநாள் ரேடியோவைப் பைக்குள் போட்டுக்கொண்டு பனச்சமூட்டுக்கு பஸ் ஏறுவார். அங்கே ஒரு கடையில் கொடுத்துச் சரிசெய்து, தன் கையால் செய்தது போலக் கொண்டுவந்து கொடுப்பார். கோயில் திருவிழாவில் மைக் செட் கரகரத்தாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். போய் ஆம்ப்ளிஃபயர் மேல் கையை வைத்துக்கொண்டு முகத்தை இறுக்கமாக வைத்து நிற்பார். கரகரப்பு தானாக நிற்கும்வரை நிற்பார்.

எனக்கு முதல் லீவிலேயே தெரிந்துவிட்டது. அவர் கொண்டுவந்த பையின் அடியில் நீலநிற முழு உடுப்பு இரண்டு சுருட்டி வைத்திருந்தது. ஒரே எண்ணெய்க் கறை. தையலுக்குள்ளும் பைக்குள்ளும் வெளுத்த பொடி அப்பியிருந்தது. நனைத்தால் களியாகிவிடும் என்பதால் முதலில் கிணற்றடியில் நின்று உதறுவேன். புகை மாதிரி எழும்பும். பிறகு கல்லில் அடித்துத் துவைப்பேன். முன்கையெல்லாம் அன்று முழுக்க அரிக்கும். ஹெட்போன் வைத்து உட்காருகிறவன் உடுப்பில் இது எப்படி வரும் என்று யோசிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். நான் கேட்டபோது அவரே பாதி சொன்னார். அவருக்குக் கொதிகலன் அறையில் வேலை. நீராவி ஓடும் குழாய்களைச் சுற்றி, சூடு வெளியே வராமலிருக்க, வெள்ளையாகக் கட்டுப் போட்டிருப்பார்கள். குழாய் ஒழுகினால் அந்தக் கட்டை உடைத்து எடுக்க வேண்டும். பழுது பார்த்ததும் புதுப் பொடியைத் தண்ணீரில் குழைத்துத் திரும்பப் பூச வேண்டும். உடைக்கும்போது பறக்கிற பொடியில் எதிரே நிற்பவன் முகம் தெரியாதாம். அதை உருட்டி ஒருவர் மேல் ஒருவர் எறிந்து விளையாடுவார்களாம். படுக்கிற கட்டிலுக்கு மேலேயும் அதே குழாய், அதே கட்டு.

இந்த உடுப்பைக் கப்பலிலேயே வெளுக்கக் கூடாதா என்று கேட்டதற்கு, கப்பலில் தோபி உண்டு, ஆனால் பாய்லர்காரனுடைய உடுப்பை அவன் கையால் தொடமாட்டான் என்றார். கடைசியாக, "உனக்க அண்ணங்கிட்ட இதொண்ணும் சொல்லாத" என்றார். சொல்லவில்லை. ஒரு ஆணின் மானத்தை வீட்டுக்குள் பத்திரமாக வைத்திருப்பது அன்று எனக்குப் பாரமாகத் தெரியவில்லை. சொல்லப்போனால் அவர் மேல் ஆசை கூடியது.

அந்தப் பொடியின் பெயர் ஆஸ்பெஸ்டாஸ். கோழிக்கூட்டுக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் மேலே ஷீட்டாகப் போடுகிறோமே, அந்தச் சாமான்தான்.

ஓய்வு பெற்று வந்த பிறகு வீட்டுக்குப் பின்னால் இருக்கிற ரப்பர் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார். பால் எடுத்து, உறையவைத்து, ஷீட் அடித்து, புகைப்புரையில் தொங்கவிட்டுப் புகை போடுவார். சென்ற வருடம் அந்தச் சின்ன ஏற்றத்தில் நடுவழியில் நிற்கத் தொடங்கினார். வலது பக்கம் ஏதோ இழுத்துப் பிடிக்கிறது என்றார். நெய்யாற்றின்கரையில் காட்டினோம். படம் எடுத்தார்கள். வலது நுரையீரல் பாதிக்கு மேல் வெள்ளையாக இருந்தது. நீர் என்றார்கள். என்ன வேலை என்று கேட்டார்கள், ரப்பர் என்றார். புகைப்புரை உண்டா என்று கேட்டார்கள், உண்டு என்றார். அதற்கு முன்னால் என்ன வேலை என்று அங்கே யாரும் கேட்கவில்லை. இந்த வயதில், இந்த ஊரில், நெஞ்சில் நீர் கட்டினால் காசநோய் என்று எடுத்துக்கொள்வதுதான் வழக்கமாம். மாத்திரை தொடங்கினார்கள்.

அந்த மாத்திரை சாப்பிட்டால் மூத்திரம் ஆரஞ்சு நிறமாகப் போகும். சொந்தக்காரர்கள் எந்த நிறமாகப் போவார்கள் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. திராட்சை வாங்கிக்கொண்டு பார்க்க வந்தவர்கள் பையை கேட்டின் கம்பியில் மாட்டிவிட்டு, நின்ற இடத்திலிருந்தே குசலம் விசாரித்துப் போனார்கள். காயப்போட்ட அவருடைய துண்டு காற்றில் பறந்து மதிலுக்கு அந்தப் பக்கம் விழுந்தபோது, பக்கத்து வீட்டில் அதைக் கம்பால் எடுத்து இந்தப் பக்கம் தள்ளினார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நீர் வற்றவில்லை. ஊசியை முதுகு வழியே விலா எலும்புகளுக்கு நடுவில் இறக்கி நீரை எடுப்பார்கள். பாலில்லாத கட்டன்சாயா நிறத்தில் வரும். எடுத்ததும் மனிதன் இரண்டு நாள் மல்லாந்து படுத்துத் தூங்குவார். அதற்குள் மறுபடி நிறைந்துவிடும். மாத்திரைக்கு நோய் கேட்க வேண்டிய காலமெல்லாம் தாண்டிய பிறகு, திருவனந்தபுரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். முன்னாள் படைவீரர் அட்டை இருந்ததால் படுக்கைக்கும் ஸ்கேனுக்கும் கைக்காசு போகவில்லை. அந்தப் புண்ணியத்தைச் சொல்லிவிட வேண்டும்.

என் அண்ணன் ஆறுமுகம்தான் காரில் கூட்டிப் போனார். வில்லேஜ் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். அப்பாவின் மிடுக்கு சொத்தாக அவருக்குத்தான் வந்தது. நல்ல மனிதர், ஒரு கோடு போட்டு அதற்கு மேலே இருப்பவர்களுக்கு நல்லவர். நுரையீரல் டாக்டர் ஒரு சின்னப் பெண். எங்கள் மகள் வயதுகூட இருக்காது. ஸ்கேனை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினாள். நுரையீரலின் உறை ஆரஞ்சுத் தோல் மாதிரி தடித்துக் கிடந்தது. அட்டையைப் பார்த்துவிட்டு, "கப்பலில் ஏது செக்ஷன்?" என்று கேட்டாள்.

"வயர்லெஸ்" என்றார் அவர்.

"வயர்லெஸ்ஸாக்கும் டாக்டர்" என்று அண்ணன் சேர்ந்துகொண்டார். "ஊரில உள்ள ரேடியோ முழுக்க மாப்பிளதான் நன்னாக்குவாரு."

டாக்டர் படத்தை இன்னொரு தடவை பார்த்தாள். எஞ்சின் ரூம், பாய்லர் ரூம், எங்கேயாவது கொஞ்சநாள் நின்றதுண்டா என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினார். அவள் பேனாவை எடுத்தாள். எழுதிவிட்டால் அப்புறம் அதுதான் வேதம் என்று எனக்குத் தெரியும். மறுபடி மாத்திரை, மறுபடி கட்டன்சாயா. நான் நாற்காலியில் இருந்து எழுந்துவிட்டேன்.

"பாய்லர் ரூம், டாக்டர். சேர்ந்த நாள்ல இருந்து இறங்கின நாள் வரை பாய்லர் ரூம்தான். அந்த வெள்ளப் பொடிக்குள்ள கெடந்த மனுஷனாக்கும்."

அம்மாவுக்கு எப்படி அறியும் என்று கேட்டாள். "உடுப்புத் தொவைச்சது நானில்லியா" என்றேன்.

அண்ணன் மேலே மின்விசிறியைப் பார்த்தார். என் கணவர் தன் சட்டைப் பொத்தானைப் போட்டு, எடுத்து, மறுபடி போட்டுக்கொண்டிருந்தார். எத்தனையோ வருடமாக நான் மூடிவைத்ததை ஒரே நிமிடத்தில், அதுவும் அண்ணன் முன்னால் திறந்துவிட்டேன். எனக்கு அப்போது குற்றவுணர்வு இல்லை. இனி அவர் பிழைத்துக்கொள்வார் என்று நம்பினேன்.

அடுத்த வாரம் விலாவில் சின்னத் துளை போட்டு, கேமரா வைத்த குழாயை உள்ளே விட்டு, உறையிலிருந்து ஒரு துண்டு கிள்ளி எடுத்தார்கள். முடிவுக்குக் காத்திருந்த நாட்களில்தான் அண்ணன் என்னைக் கேண்டீனுக்குக் கூப்பிட்டார். எதிரே உட்கார்ந்து, தோசையைப் பிய்க்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கோமு, நம்ம அப்பா உன்ன ஒரு கரியள்ளுறவனுக்கா குடுத்தாரு?"

"ஆமா அண்ணே" என்றேன். "அவரு அள்ளின கரியிலதான் உங்க மூத்த மகனுக்கு காலேஜ் பீஸ் கெட்டினோம். அதுல பொகை மணம் அடிச்சுதா?"

அண்ணன் பில்லுக்குப் பணம் கொடுத்துவிட்டு எழுந்தார். அதன் பிறகும் தினமும் காரில் வந்தார். பயறும் கஞ்சியும் பிளாஸ்கில் கொண்டுவந்தார், துவையலைத் தனியாக வாழையிலையில் பொதிந்து கொண்டுவந்தார். எதிலும் குறை வைக்கவில்லை. ஆனால் மாப்பிளே என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். "பேஷண்டு கஞ்சி குடிச்சாரா?" என்று என்னிடம் கேட்பார். பேஷண்டு அங்கே இரண்டடி தூரத்தில் கண்ணைத் திறந்துகொண்டு கிடப்பார்.

முடிவு வந்தது. மீசோதெலியோமா. நுரையீரலின் உறையிலேயே வருகிற புற்றுநோய். அந்தப் பொடியில் கண்ணுக்குத் தெரியாத ஊசிகள் இருக்கின்றன. மூச்சோடு உள்ளே போனால் கரையாது, வெளியே வராது. முப்பது நாற்பது வருடம் சும்மா குத்திக்கொண்டு கிடந்துவிட்டு, பென்ஷன் வாங்கி ஓய்வாக உட்காரும்போது நோயாக எழும்பும். சுகப்படுத்த வழியில்லை என்று டாக்டர் நேராகச் சொன்னாள். நரம்பில் மருந்து ஏற்றினால் சில மாதம் கூடலாம், நீர் கட்டாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றாள்.

ஆக, நான் உண்மையைச் சொன்னதால் கிடைத்தது என்னவென்றால், காசநோய் மாத்திரை நின்றது. வேறு ஒன்றும் கிடைக்கவில்லை. போனது என்னவென்றால், அன்று டாக்டர் அறையை விட்டு வெளியே வந்ததிலிருந்து என் கணவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

முதலில் வலியால் என்று நினைத்தேன். நர்ஸிடம் பேசினார். வார்டு துடைக்க வருகிற பெண்ணிடம் பேசினார். மகள் பெங்களூரிலிருந்து போன் செய்தால் சுகமாயிருக்கேன் மக்கா என்றார். கேரளத்து ஆஸ்பத்திரிகளில் நோயாளிக்குக் கூட இருக்கிறவளுக்கு பைஸ்டாண்டர் என்று பெயர். அடுத்த கட்டிலின் பைஸ்டாண்டர் ஸ்டெல்லா, கோட்டுகால்காரி, தன் தகப்பனைப் பார்த்துக்கொள்ள வந்தவள். எனக்கும் அவளுக்கும் நடுவே ஒரு ஸ்டூல்தான் தூரம். இவர் என்னைத் தாண்டி அவளைப் பார்த்து, "மக்கா, இத்திரி வெள்ளம் எடுக்கச் சொல்லு" என்பார். அவள் என்னைப் பார்ப்பாள். நான் எடுத்துக் கொடுப்பேன். குடிப்பார். டம்ளரை என் கையில் தராமல் ஸ்டூலில் வைப்பார்.

"அம்மச்சி, நீங்க என்னத்தையாக்கும் செய்தீங்க?" என்று அவள் கேட்டாள். நான் சிரித்துவிட்டேன். கொலை செய்தவளைக் கேட்கிற மாதிரி கேட்டாள். மறுநாளிலிருந்து, அவர் என்னிடம் சொல்லச் சொன்னதை மட்டுமல்லாமல் சொல்லாததையும் சேர்த்துச் சொல்லத் தொடங்கினாள். மாமன் உங்களைச் சாப்பிடச் சொன்னார், மாமன் உங்களைக் கொஞ்சம் சாயச் சொன்னார். பொய் என்று தெரிந்தும் சாப்பிட்டேன், சாய்ந்தேன்.

நீர் மறுபடி கட்டாமலிருக்க ஒரு வைத்தியம் செய்தார்கள். நெஞ்சில் குழாய் வைத்து நீரை முழுக்க வடித்துவிட்டு, அந்தக் குழாய் வழியாகவே ஒரு பொடியை உள்ளே செலுத்துவார்கள். உறையின் இரண்டு அடுக்கும் அதில் புண்ணாகி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு நீருக்கு இடமிருக்காது. என்ன பொடி என்று கேட்டேன். முகத்துக்குப் போடுகிற பவுடர் எதில் செய்கிறார்களோ அதே கல், கிருமி நீக்கியது என்றார்கள். வெள்ளையாக இருந்தது. ஒரு வெள்ளைப் பொடியைச் சுவாசித்து வந்தவனுக்கு இன்னொரு வெள்ளைப் பொடியை உள்ளே அனுப்புகிறார்கள் என்று எனக்குக் கெட்ட சிரிப்பு வந்தது. அவருக்கும் தோன்றியிருக்கும். பழைய ஆளாக இருந்தால் என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டியிருப்பார். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று இரவு காய்ச்சலும் வலியுமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தபோதும் என் கையைப் பிடிக்கவில்லை, கட்டில் கம்பியைப் பிடித்தார்.

எனக்கு என்ன வேண்டும் என்பதில் அதற்குள் தெளிவாகிவிட்டேன். அவர் பிழைக்க மாட்டார். அதை நான் விழுங்கிவிட்டேன். போவதற்கு முன்னால் என்னைப் பார்த்து ஒரு வார்த்தை பேச வேண்டும். திட்டினாலும் போதும். இத்தனை வருடம் வாழ்ந்துவிட்டு, ஸ்டெல்லாவின் பொய்யோடு விதவையாக எனக்கு மனமில்லை.

வீட்டுக்கு வந்தோம். மருந்து ஏற்ற மூன்று வாரத்துக்கு ஒரு தடவை போய்வந்தோம். ஸ்டெல்லா இல்லாத வீட்டில் அவர் சுவரிடமும் ஃபேனிடமும் பேசினார். சோறு மதியாச்சு, போதும் என்று ஜன்னலைப் பார்த்துச் சொல்வார். குரலும் கம்மிக்கொண்டே வந்தது. உள்ளே வளருவது குரலுக்குப் போகிற நரம்பை அழுத்துகிறது என்றாள் டாக்டர். அப்போதுதான் நான் உண்மையாகப் பயந்தேன். மனம் இளகும்போது குரல் இல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது?

போன தடவை போனபோது டாக்டர் பழைய குறிப்பைப் புரட்டிக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நிறுத்தினாள். அண்ணன் வழக்கம்போலச் சுவரோரம் நின்றார். அவள் என்னிடம் கேட்காமல் அவரிடம் கேட்டாள். பாய்லர் ரூம் உடுப்பையெல்லாம் வீட்டில் இந்த அம்மாதான் துவைத்தார்களா? எத்தனை வருடம்? அப்படித் துவைத்தவர்கள் நெஞ்சுக்குள்ளும் அந்த ஊசிகள் போயிருக்கலாம், பார்க்க வேண்டும் என்று விளக்கினாள்.

அவர் அண்ணனைப் பார்த்தார். பிறகு டாக்டரைப் பார்த்தார். கரகரத்த குரலை இழுத்துப் பிடித்துச் சொன்னார்.

"கப்பல்ல தோபி உண்டு."

அந்தத் தோபியை எனக்கு அறிமுகப்படுத்தியதே அவர்தான். அவன் எந்த உடுப்பைத் தொடமாட்டான் என்று சொன்னதும் அவர்தான். சாகக் கிடக்கிற நேரத்திலும் அண்ணன் முன்னால் தன் பெண்டாட்டி கரியுடுப்புத் துவைத்தாள் என்று ஒத்துக்கொள்ள அவரால் முடியவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. முன்கை இரண்டும் அந்தப் பழைய நாட்கள் மாதிரி அரித்தது.

"எனக்கு ஒரு படம் எடுத்துருங்க, டாக்டர்" என்றேன்.

ஸ்கேன் அறை வாசலில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். நர்ஸ் சீட்டைப் பார்த்தபடி, பைஸ்டாண்டர் ஆரா என்று கேட்டாள். பெஞ்சில் என் கணவரும் அண்ணனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஆருமில்ல என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

இரண்டு பக்கமும் உறையில் வெள்ளைத் தழும்புகள் இருக்கின்றன. இது புற்றுநோய் இல்லை என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னாள். பொடி உள்ளே போனதற்கு அடையாளம், அவ்வளவுதான். சாகும்வரை அப்படியே கிடக்கலாம். கிடக்காமலும் போகலாம். வருடத்துக்கு ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும். அம்மா தனியாக வரலாம், பயப்பட வேண்டாம் என்று என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

வெளியே வந்தேன். வராந்தாவில் மருந்து வாங்குகிற வரிசை நீண்டு கிடந்தது. அவர் பெஞ்சில் இருந்தபடி தலையை நிமிர்த்தினார். ஜன்னலைப் பார்க்கவில்லை, அண்ணனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"ஏட்டி, என்ன சொன்னாவ?"

காற்று மாதிரிதான் வந்தது குரல். இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் வார்டில் விழித்துக் கிடந்தேன், ஸ்டெல்லாவின் பொய்யைத் தின்றேன். அது கிடைத்த நேரத்தில் என்னிடம் கொடுக்க இரக்கம் மிச்சமில்லை.

"உங்க வயர்லெஸ் எனக்கும் உண்டாம்" என்றேன்.

அண்ணன் குனிந்து செருப்பைப் பார்த்தார். இவர் மெல்ல நகர்ந்து பெஞ்சில் எனக்கு இடம் விட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, அந்த இடத்தைத் தூசி போகத் தட்டினார்.

நான் உட்காரவில்லை. போய் மருந்து வரிசையில் நின்றேன்.